தாம்பரம் பக்கம் மரம் வைக்கப் போகிறவர்களுக்கு

தாம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, பேருந்தும் ஷேர் ஆட்டோவும் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காடு இருக்கிறது. மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரி வளாகத்தைத்தான் சொல்கிறேன். ஜார்ஜ் டவுனில் இருந்த கல்லூரி 1937-ல் இங்கே வந்தது. சேலையூர்க் காட்டிலிருந்து கிடைத்த சுமார் 365 ஏக்கர் நிலம், முள்ளும் சரளையுமாகக் கிடந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்தப் புதர்க்காட்டைப் பேணி, மரங்களையும் சேர்த்து வளர்த்தார்கள். பார்ன்ஸ் பாடம் நடத்தியது வேதியியலில் என்றாலும் மனம் இருந்தது தாவரவியலில். என்னைக் கேட்டால், அவர்கள் நட்டதைவிட நடாமல் விட்டதுதான் பெரிய காரியம். எல்லாவற்றையும் வெட்டிச் சமன் செய்து புல்தரை போட்டிருந்தால் இன்று அங்கே பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

"வீட்டுக்கு முன்னால் என்ன மரம் வைக்கலாம்?" என்று கேட்பவர்கள் நாலு விஷயம் பார்ப்பார்கள். நிழல் தருமா, பூ அழகாக இருக்குமா, வேர் சுவரைப் பிளக்குமா, குப்பை கொட்டுமா. நியாயமான கேள்விகள்தான். ஆனால் தோட்டத்தில் குருவியும் பட்டாம்பூச்சியும் வர வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டியது வேறொன்று: இந்த மரத்தை யார் தின்பார்கள்?

பச்சை இலை எல்லாம் எல்லாப் புழுவுக்கும் ஆகாது. செடிகள் தங்களைக் காத்துக்கொள்ள இலையில் கசப்பையும் பாலையும் நஞ்சையும் வைத்திருக்கின்றன. ஒரு செடியின் நஞ்சைச் செரிக்கப் பழகிய புழுவுக்குப் பெரும்பாலும் அடுத்த செடியில் வாய் வைக்க முடியாது. இந்தப் பழக்கம் லட்சக்கணக்கான ஆண்டுகளில் அமைவது. அதனால்தான் மடகாஸ்கரிலிருந்தோ தென்னமெரிக்காவிலிருந்தோ வந்த மரத்தின் இலை இங்கே ஓட்டையில்லாமல் பளபளவென்று நிற்கிறது. நர்சரிக்காரர் அதைப் பெருமையாகச் சொல்வார்: "சார், பூச்சியே வராது." பூச்சி வராத மரத்துக்குக் குருவியும் வராது. பூவில் தேன் குடிக்கிற தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியையும் சிலந்தியையும்தான் பிடித்து ஊட்டுகிறது.

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பூச்சியியல் பேராசிரியர் டக்ளஸ் டாலமி இதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர். அந்த ஊரின் சிக்கடி என்ற, சிட்டுக்குருவியைவிடச் சிறிய பறவை ஓர் ஈட்டுக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து பறக்க வைப்பதற்குள் 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை கொண்டுவந்து கொடுக்கிறது. அவரும் மாணவர்களும் வாஷிங்டன் நகரப் புறநகர் வீடுகளில் ஆராய்ந்து 2018-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: தோட்டத்துச் செடிகொடிகளில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளூர் வகை இருந்தால்தான் அந்தப் பறவையின் எண்ணிக்கை நிலைக்கிறது. நம் ஊர்ப் பறவை வேறு, மரம் வேறு. ஆனால் தாய்ப்பறவை படுகிற பாடு ஒன்றுதான்.

இங்கே முன்பு என்ன காடு இருந்தது

சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில்தான். இந்த ஓரவஞ்சனை மழைக்குப் பழகிய ஒரு காடு சோழமண்டலக் கரையோரம் முழுக்க இருந்தது. தாவரவியலார் இதை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். மரங்கள் குட்டை, இலைகள் சிறியவை, தடித்தவை, மெழுகு பூசியவை. பங்குனி வெயிலிலும் பச்சையாக நிற்கும். உலக்கைப்பாலை, வீரை, காயா, தடா, கருங்காலி, காட்டு எலுமிச்சை, காரை, களா என்று போகும் அதன் பட்டியல். புதுச்சேரி, கடலூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில்காடுகளில் இன்னும் துண்டு துண்டாக இருக்கிறது. ஆரோவில்காரர்கள் 1968-க்குப் பிறகு மொட்டைச் செம்மண்ணில் இந்தக் காட்டைத்தான் திரும்ப வளர்த்தார்கள்.

தாம்பரம், பல்லாவரம், திரிசூலம், வண்டலூர் குன்றுகள் சார்னோக்கைட் என்ற கடினமான பாறையால் ஆனவை. குன்றுக்கு அருகே மண் மெல்லிசு, கீழே சரளை. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று ஏரிகளை ஒட்டிப் போனால் களிமண், தண்ணீர் நிற்கும். 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. அன்று எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பது உங்கள் பகுதிப் பழைய ஆட்களுக்குத் தெரியும். மரம் வைப்பதற்கு முன் அவர்களைக் கேளுங்கள். சரளை மண்ணுக்கு வேம்பு, வெப்பாலை, ஆத்தி, உசிலை, சரக்கொன்றை. தண்ணீர் நிற்கும் இடத்துக்கு நீர்மருது, நாவல், மாவிலங்கம். புங்கம் இரண்டுக்கும் ஒத்துப்போகும்.

அடுத்த ஆண்டே 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல். சென்னை முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. வண்டலூர் உயிரியல் பூங்கா பெரும் அடி வாங்கியது. நகரத்தில் சாய்ந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். குல்மொஹர், தூங்குமூஞ்சி, மஞ்சள் பூப் பூக்கும் பெருங்கொன்றை என்று சீக்கிரம் வளர்கிற, அகலமாகப் படர்கிற வெளியூர் மரங்கள்தான் தெருவுக்குத் தெரு குறுக்கே கிடந்தன. வேம்பும் புங்கமும் விழவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கான்கிரீட் போட்டு வேரை நெரித்த இடத்தில் எந்த மரமும் விழும். ஆனால் அடிக்கடி புயல் வருகிற கரையில், புயலோடு வளர்ந்த மரத்தை வைப்பது புத்திசாலித்தனம். பனையைப் பாருங்கள், புயலுக்கு மறுநாள் அது இருந்த இடத்திலேயே நிற்கும்.

கறிவேப்பிலையில் நடக்கும் நாடகம்

இடமே இல்லாத வீட்டிலும் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கும். அங்கிருந்தே தொடங்கலாம்.

அதன் இளந்தளிரில் ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்து எழுந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அது கறிவேப்பிலை அழகி. ஒவ்வோர் இடத்திலும் ஒற்றை ஒற்றையாக, கடுகைவிடச் சிறிய மஞ்சள் முட்டையை ஒட்டிவிட்டுப் போகிறது. சில நாளில் புழு வெளியே வரும். பார்த்தால் குருவி எச்சம் என்றுதான் தோன்றும். பழுப்பும் வெள்ளையுமாக, ஈரமாக மின்னும். பறவை ஏமாறுவதற்காக அந்த வேடம். பெரிதானதும் வேடத்தை மாற்றிப் பச்சை நிறத்துக்கு வந்துவிடும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்று நீண்டு, காட்டமான வாடை அடிக்கும். பயப்பட வேண்டாம். கடிக்காது, அரிக்காது. முட்டையிலிருந்து பட்டாம்பூச்சியாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம். அதற்குள் நாலைந்து கொத்து இலையைத் தின்றிருக்கும். ரசத்துக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வேடம் அதோடு முடியவில்லை. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். வேறு சில, ரோஜா அழகியைப் போலவும் சிவப்புடல் அழகியைப் போலவும் உடுத்திக்கொண்டு பறக்கும். ஏன் அவற்றைப் போல? அந்த இரண்டு பட்டாம்பூச்சிகளின் புழுக்களும் ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை வகைக் கொடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருப்பவை. ஒருமுறை அவற்றைத் தின்று குமட்டிய பறவை மறுமுறை தொடாது. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி அவற்றின் நிறத்தை மட்டும் இரவல் வாங்கிப் பிழைக்கிறது. அப்படியானால் இந்த வேடம் பலிக்க அக்கம்பக்கத்தில் அசலும் பறக்க வேண்டும். அசல் பறக்க வேண்டுமென்றால் எங்காவது வேலியில் ஈஸ்வரமூலி இருக்க வேண்டும். ஒரு கொடியை வேலியில் ஏற்றிவிடுங்கள். ஆனால் நாட்டு மருந்து என்று யாராவது சொன்னாலும் அதை வாயில் போடாதீர்கள். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இருந்தால் எலுமிச்சை அழகி வரும். காலி மனையில் எருக்கு நின்றால் வெந்தய வரியன் வரும். எருக்கம்பாலின் நஞ்சுதான் அதற்கும் காவல். சரக்கொன்றையின் தளிரைக் கொன்றை வெள்ளையன் புழு மொட்டையடித்துவிடும். மூன்று வாரத்தில் மரம் மறுபடி துளிர்க்கும். எல்லோரும் இளக்காரமாகப் பேசுகிற நெட்டிலிங்கத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அபார்ட்மென்ட் மதிலோரம் கம்பம்போல் நிற்கிற அந்த மரத்தின் இலையில் பச்சைப் புள்ளி போட்ட வாலுள்ள பட்டாம்பூச்சி ஒன்று வளர்கிறது. பழத்தைக் குயிலும் வௌவாலும் தின்னும்.

பட்டாம்பூச்சி எல்லாம் நல்லது, கம்பளிப்பூச்சி? முருங்கைமரத்து அடிப்பகுதியில் கொத்தாக அப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் உடம்பு கூசும். அந்த மயிர் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்மை. முருங்கையைப் படுக்கையறை ஜன்னலை ஒட்டி வைக்காமல் தள்ளி வைப்பதுதான் வழி. அதன் பூவுக்கு வரும் தேன்சிட்டுகளுக்காகவாவது அது வேண்டும்.

ஒரு கிரவுண்டில் எவ்வளவு முடியும்

ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. இப்போது தாம்பரம் பக்கம் அதை இரண்டாகப் பிரித்துத்தான் கட்டுகிறார்கள். அரை கிரவுண்டில் கார் நிறுத்தி, சம்ப் வெட்டி, போர் போட்டதும் மிஞ்சுவது இரண்டு மதிலோரக் கீற்றுதான். அதிலும் ஒரு சிறு மரமும் நாலு புதர்ச்செடியும் நிற்கும். சிறு மரத்துக்கு என் முதல் தேர்வு சரக்கொன்றை அல்லது ஆத்தி. புதருக்கு வெட்சி, களா, நொச்சி, கறிவேப்பிலை. களாவில் முள் உண்டு, அதனாலேயே சின்னான் குருவி அதில் கூடு கட்டும், பூனைக்கு எட்டாது.

முழு கிரவுண்டு இருந்தால் ஒரு புங்கம் வையுங்கள். மாசியில் இலை கொட்டும், பங்குனியில் எலுமிச்சைப் பச்சையாகத் துளிர்த்து, பின்னாலேயே வெளிர் ஊதாவில் பூ உதிர்த்து வாசலை நிரப்பும். தேனீ மொய்க்கும். சில நாளில் இலை எல்லாம் புள்ளியும் புடைப்புமாகிவிடும். நோய் என்று நினைத்து மருந்தடிக்க ஆள் தேடாதீர்கள். அந்த இலைகளில் இருக்கும் பூச்சிகளைத் தேடித்தான் கதிர்க்குருவிகள் கிளை கிளையாகத் தாவுகின்றன. பூவரசு, மகிழம், வேம்பு இவையும் முழு கிரவுண்டுக்கு ஆகும். வேம்பு ஆனியில் பழுக்கும்போது காக்கை, மைனா, கிளி, குயில் என்று மரமே சந்தைக்கடையாகிவிடும். இவற்றையெல்லாம் சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வையுங்கள்.

ஆல், அரசு, அத்தி, இச்சி ஆகியவற்றை வீட்டில் வைக்க வேண்டாம். மொட்டைமாடி விரிசலில் தானாக முளைக்கும் கன்று, பறவை எச்சத்தில் வந்த விதை. அதைப் பிடுங்குவதில் தவறில்லை. வேரோடு எடுத்து ஏரிக்கரைக்கோ கோயில் வெளிக்கோ கொண்டுபோய் நடுங்கள். பெரிய இடத்தில் ஓர் அத்திமர வகைக்கு ஈடாக வேறெதுவும் கிடையாது. ஒவ்வொரு மரமும் வெவ்வேறு மாதத்தில் பழுப்பதால், மற்றெல்லாம் காய்ந்து கிடக்கும் நாளிலும் எங்காவது ஒன்றில் சாப்பாடு இருக்கும். வெயிலில் "டொக், டொக்" என்று சளைக்காமல் தட்டுகிற செம்மார்புக் குக்குறுவானுக்கு அதுதான் உயிர். பட்ட கிளையைக் குடைந்துதான் அது கூடு வைக்கும். ஆகவே ஆளின் தலையில் விழும் ஆபத்தில்லாத பட்ட கிளையை வெட்டாமல் விடுங்கள்.

பனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மரம். மனை வாங்கியதும் முதலில் வெட்டுவதும் அதைத்தான். காய்ந்து தொங்கும் ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டுகிறது பனை உழவாரன் என்ற சிறு பறவை. தொங்கும் ஓலையைச் "சுத்தம்" செய்தால் அதன் வீடு போய்விடும். தூக்கணாங்குருவியும் வௌவாலும் அதே மரத்தில் குடியிருக்கும். உங்கள் மனையில் ஏற்கெனவே ஒரு பனை நின்றால், அதைச் சுற்றி வீட்டின் வரைபடத்தை மாற்ற முடியுமா என்று என்ஜினீயரிடம் கேளுங்கள். புதிதாக வைத்த பனை ஓங்கி வளர ஒரு தலைமுறை ஆகும்.

வெளியூர் மரமெல்லாம் பகையா? அப்படி இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புளி நம் சமையலறைக்கே எஜமானாகிவிட்டது. கொய்யாவும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்து ஆசாமிகள். அணிலைக் கேட்டால் அப்படியா என்று கேட்கும். சிங்கப்பூர் செர்ரி என்கிற குட்டி மரம் பழுத்தால் தெருப்பிள்ளைகளும் சின்னானும் வௌவாலும் முறைபோட்டு வருவார்கள். ஒன்றிரண்டு இருக்கட்டும். பரவி மற்றதை அழிப்பவற்றில்தான் கண்டிப்பு வேண்டும். சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, ஏரியில் ஆகாயத்தாமரை இவை தெரிந்த பெயர்கள். தெரியாமல் வந்து உட்கார்ந்தது கோனோகார்பஸ். புது அபார்ட்மென்ட் மதில்களிலும் சாலை நடுவிலும் பச்சைச் சுவராக வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 2025-ல் அதை நடத் தடை விதித்தது. இன்னும் எந்த நர்சரியிலாவது காட்டினால் வாங்காதீர்கள்.

எழுத்தாளர் மா. கிருஷ்ணன் இதையெல்லாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதியவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சென்னைக்காரர். 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை ஒரு கல்கத்தா நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை விடாமல் எழுதினார். கண்ணுக்கு அழகென்று அயல் மரங்களை நடுவது அவருக்குப் பிடிக்காது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன், அவர் படித்தது இதே தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியில்.

சருகைக் கொளுத்தாதீர்கள்

புரட்டாசி, ஐப்பசியில் நம் புறநகர்த் தோட்டங்களுக்கு ஒரு விருந்தாளி வருகிறது. குட்டை வால், உடம்பில் ஏழெட்டு நிறம், தத்தித் தத்தி நடக்கும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை. காலையில் ஆறு மணிவாக்கிலும் மாலையில் ஆறு மணிவாக்கிலும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர். நெடுந்தூரம் பறந்த களைப்பில் கண்ணாடி ஜன்னலில் மோதி வராந்தாவில் விழுவதும் உண்டு. அப்படிக் கிடந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, பூனையும் குழந்தைகளும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். மரத்தடியில் திறந்துவிட்டால் போதும்.

இந்தப் பறவை சாப்பிடுவது மரத்தில் அல்ல, தரையில். ஈரச் சருகைப் புரட்டிப் புழுவையும் பூச்சியையும் எடுக்கும். காலையில் பெருக்கிக் குவித்து நெருப்பு வைக்கிற வீட்டில் அதற்கு இரை இல்லை. தவிட்டுக்குருவிக் கூட்டமும் குண்டுக் கரிச்சானும் அப்படித்தான். வாசலைப் பெருக்குங்கள், மரத்தடியை விட்டுவிடுங்கள். சருகு மூடிய மண் சித்திரையிலும் ஈரம் காக்கும், தண்ணீர் லாரிச் செலவும் குறையும்.

"சருகு இருந்தால் பாம்பு வருமே?" நியாயமான பயம். பாம்பு சருகைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் தேடி வருகிறது. குப்பையும் சிந்திய தானியமும் செங்கல் குவியலும்தான் எலியை அழைக்கின்றன. சருகை வாசற்படியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் தோட்டத்தில் இறங்காதீர்கள். இங்கே அடிக்கடி கண்ணில் படுவது சாரையும் தண்ணீர்ப் பாம்பும், இரண்டுக்கும் நஞ்சில்லை. நல்லபாம்பு, கண்ணாடிவிரியன், கட்டுவிரியன் ஆகியவற்றுக்கு உண்டு. எதுவானாலும் அடிக்காதீர்கள், தீயணைப்புத் துறைக்கு 101 அடித்தால் வந்து பிடிப்பார்கள். கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஏற்றும் மருந்துக்கான நஞ்சைப் பாம்புகளிடமிருந்து எடுத்துத் தருவது மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம். கிண்டியில் பாம்புப் பண்ணை வைத்த பாம்பு நிபுணர் ரோமுலஸ் விட்டேக்கர், அங்கே போவதற்கு முன் தன் முதல் பண்ணையைத் தொடங்கியது சேலையூரில் என்பதும் இந்தப் பக்கத்து ஆட்கள் பலருக்குத் தெரியாது.

பறவைக்குத் தண்ணீர் வைப்பது எளிது. இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாத மண்தட்டு, நடுவில் ஒரு கல், நிழலான இடம். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்து மாற்ற வேண்டும். மறந்தால் டெங்குக் கொசுவுக்கு நீங்களே தொட்டில் கட்டியதாகும். தானியம் இறைக்காதீர்கள். வருவது மாடப்புறாக்கள்தான், அவை பெருகினால் மற்றவை ஒதுங்கிவிடும். அமாவாசைக்குக் காக்கைக்கு வைக்கும் ஒரு பிடிச் சோறு வேறு கணக்கு, அதை யாரும் கேட்க மாட்டார்கள். கிளியைக் கூண்டில் அடைப்பதும் நட்சத்திர ஆமையைத் தொட்டியில் வளர்ப்பதும் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

முதலில் போய்ப் பாருங்கள்

நடுவதற்கு முன் இந்த மரங்களை வளர்ந்த நிலையில் ஒருமுறை பார்த்துவிட்டால் தேர்வு எளிதாகும். கிறிஸ்துவக் கல்லூரிக்குள் போக அனுமதி வேண்டும். மேடவாக்கம் பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. அங்கே கைவிட்ட கல்குவாரியின் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. பகலில் போனால் மங்கிய பழுப்பில் பாறையோடு பாறையாக உட்கார்ந்திருக்கும், கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். வண்டலூரில் 1985-ல் திறந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் சிங்கத்தையும் வெள்ளைப் புலியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பூங்கா இருப்பதே காப்புக்காட்டுக்குள்தான். உள்ளே ஓட்டேரி ஏரியில் தண்ணீர் இருந்தால் நுழைவுச்சீட்டில் இல்லாத பறவைகள் வந்திருக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. சேலையூர், செம்பாக்கம் ஏரிகளில் நிரம்பிய நீர் கடைசியில் போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மார்கழி, தை மாதங்களில் சாலையோரம் நின்றாலே நாரையும் கூழைக்கடாவும் தெரியும்.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் இரண்டு அமைப்புகளைச் சொல்வேன். 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் சங்கம் களப்பயணங்கள் நடத்துகிறது. 2005 முதல் இயங்கும் நிழல் அறக்கட்டளை மரங்களை அடையாளம் காட்டும் நடைகள் நடத்துகிறது. கோட்டூர்புரத்தில் அவர்கள் வளர்த்த மரப்பூங்காவில் உள்ளூர் வகைகளைப் பக்கத்துப் பக்கமாகப் பார்க்கலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். உங்கள் வீட்டு மொட்டைமாடியில் கால் மணி நேரம் நின்று பார்த்ததையும் அதில் சேர்க்கலாம்.

நடும் வேலையைப் பற்றிக் கடைசியாக. சுற்றுச்சூழல் தினம் என்று ஜூனில் நடுகிற கன்று சென்னை வெயிலில் பாதி காய்ந்துபோகும். ஆவணி, புரட்டாசியில் நடுங்கள். பெருமழைக்குள் வேர் பிடித்துவிடும். குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. ஆளுயரக் கன்றைவிட முழங்கால் உயரக் கன்றே நல்லது. பையில் சுருண்ட வேரைப் பிரித்து விடுங்கள், தண்டை மண்ணில் ஆழப் புதைக்காதீர்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விட்டால் போதும், பிறகு அது உங்களைக் கேட்காது. நர்சரியில் "நல்ல மரமா ஒண்ணு குடுங்க" என்று கேட்காமல், புங்கம், ஆத்தி, வெப்பாலை, மகிழம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் வனத்துறை நாற்றங்காலில் விசாரியுங்கள். பத்துப் பேர் பெயர் சொல்லிக் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர்களே எடுத்து வைத்திருப்பார்கள்.